ஒரு ஓட்டத்துக்கான டீசல்

சேசு மரி சூசை துணை

ஸ்காபரோ
06.02.2022

அன்புத் தங்கச்சி வேரோனிக்காவுக்கு,

அக்கா பேபி எழுதுவது. கர்த்தரின் இரக்கத்தால் முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் மகள் அனிற்றாவும் சுகமா? சண்டையில் செல் விழுந்து வெடித்துக் கேளாமல் போன உன் காதில் சீழ் வடிகிறது என்று எழுதியிருந்தாய், அது நின்றுவிட்டதா?

அனிற்றாவின் போனுக்கு எழுதாமல் கடிதமாக எழுதுகிறேன். இது அவள் வாசிக்கிற விசயம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

மார்க்கத்தில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. தாய் துவாரகா, தகப்பன் மிதுனன், இரண்டு பேருக்கும் கொம்பியூட்டர் வேலை. குழந்தைக்கு ஒன்பது மாதம். கிழமை நாட்களில் அங்கேதான் தங்கல். போன திங்கள் துவாரகாவின் தகப்பன், ஒஷாவாவில் மகன் வீட்டில் இருந்தவர், இனி இங்கேதான் என்று பெட்டியோடு வந்து இறங்கினார். நான் குழந்தைக்குச் சோறு மசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தது அன்புராசா.

உனக்குத் தெரிந்த கதைதான். என்றாலும் எழுதினால்தான் எனக்கு ஆறும். கடைசிச் சண்டையில், மாத்தளனில் எங்கள் பங்கர்க் குழிக்கு அடுத்த பங்கர் அவருடையது. அந்த வரிசையில் ஓடக்கூடியதாக மிஞ்சியிருந்த ஒரே வாகனம் அவருடைய இரண்டு சில்லு உழவு மெசின், லான்ட்மாஸ்டர். என் றொபேட்டுக்குத் தொடையில் செல்துண்டு பட்ட காலை, அவனை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவரிடம்தான் ஓடினேன். "டீசல் இல்லைப் பிள்ளை, ஒரு சொட்டும் இல்லை" என்றார். திரும்பி வந்து என் சீலையைக் கிழித்துப் பிள்ளையின் தொடையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த லான்ட்மாஸ்டர் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது. பதினேழு வயது. மத்தியானத்துக்கு முன் அடங்கிவிட்டான். நீ அனிற்றாவோடு விடியவே நடந்து போய்விட்டாய், அதனால் இதை நீ காணவில்லை.

அவர் என்னை இன்னார் என்று மட்டுக்கட்டவில்லை. தலை வெளுத்து, கண்ணாடி போட்டு, பாதியாகிப்போன என்னை யார் மட்டுக்கட்டுவது. "எந்த ஊர் தங்கச்சி?" என்று கேட்டார். "வன்னிப் பக்கம், ஐயா" என்றேன். சோறு போட்டுக் கொடுத்தேன். கறி திறம் என்றார்.

நான் வேலையை விடப்போவதில்லை. ஒரு நாளைக்கு அவர் என்னிடம் ஏதாவது கேட்பார். உயிர் போகிற தேவைக்குக் கேட்கவேண்டும். அது என் கையில் இருக்கவேண்டும். இருக்கும்போதே இல்லை என்று சொல்லவேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் என் முத்தங்கள்.
அக்கா பேபி


சேசு மரி சூசை துணை

சிலாவத்தை, முல்லைத்தீவு
20.03.2022

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் மாதா காவலில் இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசுங்கள். காதில் சீழ் குறைவு. கேட்பதுதான் இல்லை. நான் கதைப்பது சனத்துக்குக் கேட்கும், அவர்கள் கதைப்பது எனக்குக் கேளாது. அனிற்றா சொல்லவேண்டியதைக் கொப்பியில் எழுதிக் காட்டுவாள்.

இங்கே ஒன்றும் இல்லை அக்கா. பெற்றோல் செட்டில் சனம் கலனோடு இரண்டு நாள் வரிசையில் நிற்குது. டீசல் இல்லை என்று பலகை தொங்குது. காஸ் இல்லை, பால்மா இல்லை. கடலுக்குப் போகிறவர்களும் மண்ணெண்ணெய் இல்லாமல் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். அனிற்றா பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கிறாள். தையல் பழகுகிறாள்.

உங்கள் கடிதம் வந்து கனநாள். உடனே எழுத முடியவில்லை. அந்த வீட்டு வேலையை விட்டுவிடுங்கள் அக்கா. ஸ்காபரோவில் குழந்தை பார்க்க வேறு வீடு இல்லையா? அவரும் வயது போன மனுசன். இடுப்பு நோவோடு எத்தனை காலம் இருக்கப்போகிறார். கடவுள் பார்த்துக்கொள்வார்.

என்றும் உங்கள்
வேரோனிக்கா


சேசு மரி சூசை துணை

ஸ்காபரோ
17.04.2022

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. நான் நலம். உன் காதும் அனிற்றாவும் எப்படி? வரிசையில் நிற்க நீ போகாதே, காது கேளாதவளை இடித்து விழுத்திவிடுவார்கள்.

அவருக்கு இடுப்பு நோவு என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லையே.

ஒரு புதினம். மிதுனனுக்குக் கரண்டில் ஓடுகிற காரில் பைத்தியம். வீட்டிலும் ஒன்று நிற்குது, இரவில் போனுக்குக் குத்துவதுபோல் வயர் குத்துவார்கள். இப்போது அமெரிக்காவில் பாலைவனம் பார்க்கப்போகிறார்களாம். லாஸ் வேகாஸ் வரை பிளேன், அங்கே ஒரு கரண்ட் கார் வாடகைக்கு எடுத்து அரிசோனா முழுக்க ஓட்டம். "அன்ரி, நீங்களும் வாங்கோ, குழந்தை உங்களை விட்டு இராது" என்று துவாரகா கேட்டாள். அப்பாவும் வருவார் என்றாள்.

அன்புராசா சாப்பாட்டு மேசையில் இருந்து சிரித்தார். "என்ர லான்ட்மாஸ்டர் டீசல் கேட்டு என்னைக் கொன்றுபோட்டுது. உங்கட வாகனம் சுவரில குத்தினால் ஓடுது" என்றார்.

மருமகன் பகிடியாகக் கேட்டான்: "அந்த லான்ட்மாஸ்டருக்குக் கடைசியா என்ன நடந்தது மாமா?"

"டீசல் முடிஞ்சுது. விட்டிட்டு வந்தனான்" என்றார்.

நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கறியைக் கிண்டினேன். போவதென்று முடிவெடுத்துவிட்டேன். மே பதின்மூன்றாம் திகதி பயணம். பதினெட்டு அன்று அங்கே நிற்போம். சண்டையில் செத்தவர்களுக்காகச் சனம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அழுகிற நாளில் நான் அவரோடு ஒரே காரில் இருப்பேன். இருக்கட்டும்.

சுகமாக இரு.
அக்கா


சிலாவத்தை
08.05.2022

அன்பு அக்கா,

சுகம். சுகமாக இருங்கள். போகவேண்டாம். அவரோடு போகவேண்டாம். போனாலும் அவரிடம் பழையதைக் கதைக்கவேண்டாம். அக்கா, உங்களுக்குத் தெரியாததும் இருக்கும். அவர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நான் வேறென்ன எழுத.

மாதாவிடம் ஒவ்வொரு நாளும் உங்களுக்காக மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

வேரோனிக்கா


சேசு மரி சூசை துணை

அரிசோனா
16.05.2022

அன்புத் தங்கச்சிக்கு,

விடுதி மேசையில் கிடந்த தாளில் எழுதுகிறேன். கடவுள் கிருபையால் எல்லாரும் நலம். உங்கள் இருவரின் சுகத்துக்கும் மன்றாடுகிறேன். வெளிக்கிட முன் உன் கடிதம் வரவில்லை.

இந்த மண் சிவப்பு. செம்பாட்டு மண் இல்லை, செங்கட்டியைப் பொடித்துக் கொட்டினதுபோல். மணித்தியாலக் கணக்காக ஒரு மரம் இல்லை. கைகளை உயர்த்தினபடி கள்ளிகள் நிற்குது. அதைப் பார்த்தால் எனக்கு வேறு நினைவுதான் வருகிறது. வெள்ளைக்கொடியோடு வந்த சனமும் அப்படித்தான் நின்றது.

காருக்குச் சத்தம் இல்லை, புகை இல்லை. நடுவில் பலகைபோல் ஒரு திரை. இன்னும் எத்தனை மைல் ஓடும் என்று அதில் இலக்கம் போடும். ஏற்றத்தில் இலக்கம் விறுவிறு என்று இறங்கும், இறக்கத்தில் ஒன்றிரண்டு கூடும். குளிர்க்காற்றைக் கூட்டினால் அதற்கும் குறையும். இருப்பதை இருக்கு என்று சொல்லும். இல்லாததை இல்லை என்று சொல்லும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கரண்ட் ஏற்றுகிற இடங்கள் கடைத்தெரு வெளிகளில் இருக்கு. நாலு தூண் நிற்கும். வயரைக் குத்திவிட்டு முக்கால் மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். அன்புராசா காரை விட்டு அசையமாட்டார். வெயிலில் நின்று அதன் மூக்கைத் தடவிக்கொண்டிருப்பார்.

"மாமா, கையை எடுங்கோ, அது மாடு இல்லை" என்றான் மிதுனன்.

"நீ சும்மா இரு தம்பி. வாகனம் குடிக்கேக்கை பக்கத்தில ஆள் நிக்கவேணும்."

துவாரகா விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தையும் சிரித்தது. என்னையும் பார்த்துச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் ஆள் நிற்கவேணுமாம், என் பிள்ளைக்குப் பக்கத்தில் இவர் நின்றாரா?

தண்ணீர்ப் பை என் பொறுப்பு. குழந்தையின் பால்மா கரைக்க என்று எப்போதும் என் காலடியில் கிடக்கும். நாளை மறுநாள் பதினெட்டு.

அக்கா


சேசு மரி சூசை துணை

ஸ்காபரோ
29.05.2022

வேரோனிக்கா,

வந்து சேர்ந்தோம். நான் நலம். உன் மே மாதக் கடிதம் இங்கே கிடந்தது. போகவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். போய் வந்துவிட்டேன். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

பதினெட்டாம் திகதி காலை ஏதோ கல்வளைவு பார்க்கவேண்டும் என்று மிதுனன் பெரிய றோட்டை விட்டு இறங்கினான். போகிற வழியில் ஒரு கரண்ட் தூண் இருக்கு என்று போன் காட்டியதாம். போய்ப் பார்த்தால் தூண் நிற்குது, திரை செத்துக் கிடக்குது. எதிர்க்காற்று வேறு. அடுத்த ஊருக்கு நாற்பது மைல், காரில் இருந்தது முப்பத்தாறு. குளிர்க்காற்றை நிற்பாட்டினான். கண்ணாடியைத் திறந்தால் இழுவை கூடுமாம், அதையும் மூடினான். குழந்தை வீரிட்டு அழுதது. இலக்கம் ஆறு, நாலு, இரண்டு என்று இறங்கியது. பிறகு கார் மெதுவாகி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஒரு வெளியில் நின்றது. வெயில் நாற்பது பாகைக்கு மேல். போனில் சிக்னல் இல்லை.

அரை மணித்தியாலத்தில் ஒரு பிக்கப் வந்தது. வயது போன வெள்ளைக்காரச் சோடி. முன்சீற்றில் அவர்கள், பின்னுக்கு ஒடுங்கின இடம். பின்பெட்டி நிறைய வேலிக்கம்பி.

"முதல்ல குழந்தையை ஏத்துங்கோ" என்றார் அன்புராசா. ஒருவரும் கேட்க முன்னமே சொன்னார். "குழந்தையும் தாயும். நீயும் போ தம்பி, போய் இழுக்கிற வாகனத்தோட வா."

இவருக்கு இப்போது தெரிகிறது யாரை முதலில் ஏற்றவேண்டும் என்று.

துவாரகா பால்போத்தலை எடுத்துக்கொண்டு, "தண்ணிப் பை இருக்கு அன்ரி, அப்பாவைக் குடிக்க வையுங்கோ" என்று சொல்லிப் போனாள்.

நாங்கள் இருவரும்தான். கதவுகளைத் திறந்து வைத்து ஆளுக்கொரு பக்கம் இருந்தோம். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். பிறகு, "தண்ணி கொஞ்சம் தா தங்கச்சி, நாக்கு ஒட்டுது" என்றார்.

நான் பையைத் தூக்கி மடியில் வைத்தேன். திறந்து வைத்தேன். மூன்று போத்தல், முட்ட நிறைய. அவர் பார்க்கத்தான் வைத்தேன்.

"இல்லை" என்றேன்.

அவர் பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒரு சொட்டும் இல்லை, அண்ணை" என்றேன். மாத்தளனில் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன்.

"நீ றொபேட்டின்ர தாய்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"வந்த அண்டைக்கே தெரியும். நீ வாய் திறந்த உடனை தெரியும்."

"தெரிஞ்சும் பேசாமல் என்ர கையால சாப்பிட்டனியள்."

"நஞ்சு போட்டிருந்தாலும் சாப்பிட்டிருப்பன் பிள்ளை."

"அண்டைக்கு டீசல் இருந்ததோ?"

"இருந்தது."

"எவ்வளவு?"

"ஒரு ஓட்டத்துக்கு."

"அந்த ஒரு ஓட்டம் என்ர பிள்ளைக்கு இல்லையோ? ஆருக்கு ஓடினனியள்? சொல்லுங்கோ. ஆருக்கு?"

முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை தரம் கேட்டேன். சொல்லவில்லை. தண்ணீரும் பிறகு கேட்கவில்லை. கைக்கு எட்டுகிற தூரத்தில் பை கிடந்தது. அவர் கை நீட்டவில்லை. வேர்வை நின்று, முகம் சிவந்து, பிறகு ஏதோ உளறிப் பிசத்தத் தொடங்கினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஒரு வாய் குடிக்கவில்லை. பின்னேரம் இழுக்கிற வாகனம் வந்தபோது அவர் கதவுப் பக்கம் சாய்ந்து கிடந்தார்.

நாலு நாள் ஆசுப்பத்திரி. உயிர் இருக்கு. சிறுநீரகம் பழுதாம்.

எனக்கு ஆறிவிட்டது என்று எழுத நினைத்தேன். ஆறவில்லை. அந்த ஒரு மறுமொழி வேண்டும். ஆருக்கு ஓடினார்?

அக்கா


ஸ்காபரோ
26.06.2022

வேரோனிக்கா,

சுகமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால் நின்றுவிட்டதா, உன் கை நின்றுவிட்டதா?

வெள்ளிக்கிழமை துவாரகா கேட்டாள்: "அன்ரி, தண்ணிப் பை நிறைஞ்ச மாதிரியே திரும்பி வந்தது. ஏன்?" நான் சொல்லத்தான் இருந்தேன். வேலையும் வேண்டாம், பொலிசுக்குப் போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். கட்டிலில் கிடந்தபடி அவர் முந்திக்கொண்டார். "அவ தந்தவ. நான்தான் வேண்டாம் எண்டனான். சும்மா ஒரு வீறாப்பு" என்றார்.

நான் செய்ததையும் என்னிடமிருந்து பறித்துவிட்டார். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குதில்லை.

ஒரு நாளைக்கு நாலு கோப்பைக்கு மேல் தண்ணீர் கொடுக்கவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அளந்து கொடுப்பது நான்.

பேபி


சேசு மரி சூசை துணை

சிலாவத்தை
10.07.2022

அக்கா,

சுகம் கேட்க எனக்கு முகம் இல்லை. பயணத்தால் வந்து நீங்கள் எழுதின இரண்டு கடிதமும் வந்தன. முதற் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்கு நான் விடியவே நடந்து போகவில்லை. நீங்கள் ஓடி வந்தபோது அன்புராசா அண்ணையின் பங்கருக்குள் இருந்தேன். தறப்பாள் மறைப்புக்குப் பின்னால். அப்போது எனக்குக் காது நல்லாகக் கேட்கும். நீங்கள் கத்தியது எல்லாம் கேட்டது.

நீரேரிக் கரையால் சனம் ஆமிப் பக்கம் கடக்குது என்று முதல் நாள் கேள்விப்பட்டு, எங்களைக் கொண்டுபோய் விடச் சொல்லி நான்தான் அவரிடம் போனேன். அவருக்கு ஒருவரும் அங்கே இல்லை, பிள்ளைகள் முந்தியே வெளிநாடு போய்விட்டார்கள். டீசல் ஒரு ஓட்டத்துக்கு. ஆசுப்பத்திரி ஒரு பக்கம், நீரேரி மற்றப் பக்கம். நீங்கள் வருகிற சத்தம் கேட்டதும் அவர் எழும்பினார். "பெடியனைக் கொண்டுபோவம்" என்றார். நான் அவருடைய காலைப் பிடித்தேன். "அவன் தப்பமாட்டான் அண்ணை, என்ர பிள்ளை உயிரோட இருக்கு, இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றேன். தப்பமாட்டான் என்று சொன்னேன். அவனுடைய காயத்தை நான் பார்க்கவில்லை அக்கா. பார்க்காமல் சொன்னேன்.

அவர் வெளியில் போய் உங்களிடம் இல்லை என்றார். கரையில் இறக்கும்போது, செத்தாலும் அக்காவுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மேடு பள்ளத்தில் அடித்து அவருக்கு அன்றுதான் இடுப்புப் பிடித்தது. கரையில் காத்துக் கிடக்கும்போதே இரண்டு நாளில் செல் விழுந்து எனக்குக் காது போனது. கடவுள் தந்தது என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்குத் தண்ணீர் கொடுங்கள் அக்கா. அனிற்றாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவேண்டாம். அவளுக்கு நான் ஒருத்திதான்.

வேரோனிக்கா


ஸ்காபரோ
31.07.2022

வேரோனிக்கா,

உன் கடிதத்தை அன்புராசாவுக்கு முன்னால் நின்று வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"காருக்குள்ள ஏன் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் தண்ணி தந்திருப்பன்" என்றேன்.

"சொன்னால் உனக்கு ஒருத்தரும் மிஞ்சமாட்டினம். தங்கச்சியாவது இருக்கட்டும் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு, "கைபிடி என்ர கையிலதான் இருந்தது பிள்ளை. அவள் சொன்னாள், ஓட்டினது நான்" என்றார்.

அவருக்கும் எனக்கும் இனி ஒன்றும் இல்லை. அவர்தான் குற்றவாளி என்று ஒரு கிழவனின் சிறுநீரகத்தை அழித்தேன். அதையும் உன் கணக்கில்தான் வைக்கிறேன். பதின்மூன்று வருடம் என் கண்ணீரைக் கடிதத்தில் வாங்கி வாசித்தாயே. றொபேட்டின் நினைவுப் பூசைக்குப் போய் முன்வரிசையில் நின்றேன் என்று எழுதினாயே.

உன் பிள்ளையைக் காப்பாற்றியதற்கு நான் கோபிக்கவில்லை. நானும் தாய். பார்க்காமல் தப்பமாட்டான் என்றாய், அதற்கு மன்னிப்பு இல்லை.

அனிற்றாவுக்கு நீயே சொல். ஓகஸ்ட் முடிய முன் சொல். ஒரு சொல்லும் குறைக்காமல், காலைப் பிடித்தது வரைக்கும் சொல். சொல்லாவிட்டால் அவளுடைய போனுக்கு நான் எடுப்பேன். பக்கத்தில் நின்றாலும் நான் என்ன சொல்கிறேன் என்று உனக்குக் கேளாது.

பேபி


சிலாவத்தை
11.09.2022

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அனிற்றா எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருக்கவேண்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

ஓகஸ்ட் இருபத்தெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து அம்மா சொன்னா. நீங்கள் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் விடாமல் சொன்னா. அம்மாவுக்குத் தன் சத்தம் தெரியாது. மெல்லச் சொல்கிறேன் என்றுதான் நினைத்திருப்பா. பக்கத்து வீட்டில் மா இடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. இப்போது தண்ணீர் அள்ளப் போனால் ஒருவரும் அம்மாவுக்குக் கை காட்டுகிறார்கள் இல்லை. அது ஏன் என்று அவவுக்கு இன்னும் தெரியாது.

எனக்கு அப்போது ஏழு வயது. கொஞ்சம் ஞாபகம் இருக்கு. லான்ட்மாஸ்டர் பெட்டியில் நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு இடம் இருந்தது.

அம்மாவோடு கதைப்பதென்றால் கொப்பியில் எழுதவேண்டும். அன்றிலிருந்து நான் எழுதவில்லை. ஒவ்வொரு காலையும் கொப்பியையும் பேனையையும் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, என் கையைப் பார்த்தபடி இருக்கிறா. பின்னேரம் எடுத்து வைக்கிறா. இன்றோடு பதினான்கு நாள்.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது பெரியம்மா. இனி அந்தக் கொப்பியில் நான் என்ன எழுதவேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

அனிற்றா